கை தட்ட மாட்டேன்

கத்திரியைக் கீழ வைக்காமப் பேசறேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க டீச்சர். பொழுது சாயறதுக்குள்ள கம்பெனி வண்டி வந்துரும். அதுக்குள்ள இந்தக் குவியல் மொத்தமும் பிசிறு வெட்டி அடுக்கி வச்சிருக்கணும். தையல் முடிஞ்ச பனியன்ல கையோரம், கழுத்தோரமெல்லாம் நூல் தொங்கும் பாருங்க, இந்தா, இப்படி. அதை வெட்டறதுதான் என் வேலை. துணியில கத்திரி பட்டுச்சுன்னா டேமேஜ்னு சொல்லி மூஞ்சியில தூக்கிப் போடுவாங்க. எனக்குப் பழகிருச்சு. பாக்காமலே வெட்டுவேன். கை அது பாட்டுக்கு ஓடும். வாய்தான் எனக்கு ஓடாது.

உக்காருங்க டீச்சர். அந்த மூட்டையை நகத்திட்டு உக்காருங்க, பனியன்தான், ஒண்ணும் ஆகாது. இந்த வெயில்ல, லீவுன்னு வீட்டுல இருக்காம, எங்க இஸ்கூலுக்குப் புள்ளைங்களை அனுப்புங்கன்னு வீடு வீடா நடக்கறீங்க. பக்கத்து வீட்டு ரத்தினக்கா கதவையே தொறக்கலீங்களாமா? அது அப்படித்தான். கவர்மெண்டு இஸ்கூல் டீச்சர்னா இங்கெல்லாம் வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிடுவாங்க. எனக்கு அப்படிச் செய்ய வராதுங்க. மோரு குடிங்க. உப்பு போட்டிருக்குது.

நீங்க பாட்டுக்கு, "நீ என்னம்மா நினைக்கிறே?"ன்னு கேட்டுட்டீங்க. அப்படி என்னைய யாரும் கேட்டதில்லீங்க. பாப்பாவை இப்பப் படிக்கற இங்கிலீஷ் இஸ்கூல்லயே விடறதா, எடுக்கறதான்னு இந்த வீட்டுல மாசக்கணக்கா பேச்சு. அவரு பேசறாரு, அத்தை பேசறாங்க, நங்கை பேசறாங்க. நங்கைன்னா எங்க வீட்டுக்காரரோட அக்கா, கலாமணின்னு பேரு, அடுத்த வீதிதான். காபி கொடுக்கறப்ப நான் போவேன், டம்ளரை எடுக்கறப்ப போவேன். நடுவுல என்ன பேசினாங்கன்னு அவங்க சொன்னாத் தெரியும்.

இப்ப எல்லாம் முடிவாயிருச்சுங்க. அத்தையோட ஆட்டையும் குட்டியையும் வித்து பீஸு கட்டறது. யாவாரியைக் கூட்டிட்டு வரத்தான் அவரு போயிருக்காரு. அத்தை வீட்டுக்குப் பின்னால ஆட்டுகிட்ட நிக்கறாங்க. நீங்க நேத்து வந்திருந்தா... நேத்து வந்திருந்தாலும் நான் என்னத்தைச் சொல்லியிருக்கப் போறேன்.

இல்லீங்க டீச்சர், அந்த இஸ்கூலைக் குத்தம் சொல்லல. நல்ல இஸ்கூல். மஞ்சள் வேன் வாசலுக்கே வருது. டை, ஷூ, சாக்ஸு, எல்லாம் உண்டு. வேன்ல ஏறறப்ப பாத்தீங்கன்னா, என் வயித்துல பொறந்த புள்ளையான்னு எனக்கே இருக்கும். நான் அஞ்சாவதோட நின்னவ. என் தம்பி பொறந்தான், தொட்டில் ஆட்ட ஆள் வேணும்னு நிறுத்திட்டாங்க. அதனால இஸ்கூல்னாலே எனக்கு ஒரு பயங்க. உங்க முன்னால கூட, பாருங்க, உங்களைப் பாக்காம பனியனைப் பாத்துத்தான் பேசிட்டிருக்கேன்.

பாப்பாவைச் சேக்கப் போனப்ப பெரிய மேடம் என்னைப் பாத்து ஏதோ கேட்டாங்க. இங்கிலீஷ்ல. நான் தரையைப் பாத்தேன். பளபளன்னு டைல்ஸு, அதுல என் மூஞ்சியே தெரியுது. அவருதான் சட்டுனு, "பிளஸ் டூ மேடம்"ன்னு சொன்னாரு. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. வெளிய வந்ததும், "ஏன் இப்படிப் பொய் சொன்னீங்க"ன்னு கேட்டேன். "அம்மா படிக்கலைன்னா சீட்டு தர மாட்டாங்க புள்ள. உன்னையாட்டம் மண்ணைப் பாத்துட்டு நிக்கக் கூடாது என்ற மவ. அதுக்குத்தான் இத்தனையும்"னாரு. அவரு சொன்னதுல தப்பு இல்லீங்களே. நான் அப்படித்தான நின்னேன்.

அப்புறம் அம்மா அப்பாக்களுக்கெல்லாம் ஒரு மீட்டிங் வச்சாங்க. மைக்கைப் புடிச்சுட்டு ஒரு மிஸ் தமிழ்லயே சொன்னாங்க, எங்களுக்குப் புரியணும்ல. "இன்னியிலிருந்து உங்க குழந்தைகிட்ட வீட்டுல தமிழ் பேசாதீங்க. நாங்க இங்க எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும், வீட்டுல நீங்க தமிழ்ல பேசினா எல்லாம் வீண். உங்க பணம்தான் வீண்"னாங்க. சுத்தி இருந்த அம்மாக்கள் எல்லாரும் தலையை ஆட்டினாங்க. நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். "சாப்பிடு சாமி"ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அடக்கிட்டேன். தட்டைக் காட்டினேன். அவ என்னைப் பாத்தா, தட்டைப் பாத்தா, சாப்பிட்டா.

அன்னியிலிருந்து அப்படித்தானுங்க.

எனக்கு அது பெரிய கஷ்டமில்ல டீச்சர், நான் எப்பவும் பேசறவ இல்ல. தலை வாரணும்னா சீப்பைக் காட்டுவேன். தூங்கணும்னா தலையாணியைத் தட்டுவேன். நங்கை மகன்கிட்டக் கேட்டு நாலு வார்த்தை கத்துக்கிட்டேன். கம், சிட், நோ, குட். ஆனா ஒண்ணுங்க, முக்குல ஒரு பங்களா இருக்குதுல்ல, அங்க அந்த வீட்டம்மா நாயைக் கூப்பிடறது காதுல விழும். கம், சிட், நோ, குட். அதேதான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு ஒரு நாள். அப்புறம் வரல.

வேற அம்மாக்கள் அப்படி இல்லியாமா? ஆமாங்க, நங்கைகூட வீட்டுல கொஞ்சம் கொஞ்சம் தமிழ் பேசத்தான் செய்யறாங்க. நான் சொன்னதுக்கு, "அதுக்குன்னு ஒரேயடியா பேசாம இருப்பாங்களா, கூறு கெட்டவளே"ன்னாங்க. ஆனா அவங்க பத்தாவது பாஸு. அவங்க புள்ளைக்கு அது தாங்கும். என் புள்ளைக்கு நான் ஒண்ணு கெடுத்துட்டா யாரு வந்து சரி பண்ணுவா? கட்டற பீஸெல்லாம் என்னால வீணாப் போச்சுன்னு ஆகக் கூடாதில்லீங்களா.

இஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னால பாப்பா இருந்தாளே, நீங்க பாத்திருக்கணும். வர்ஷிகான்னு பேரு. வாயாடி. இப்படி நான் வெட்ட வெட்ட, விழற நூலையெல்லாம் அள்ளி அள்ளி என் தலையில போட்டு, "அம்மா, மழை! அம்மா, நனைஞ்சுட்டே! ஓடு!"ம்பா. ஒரு வெள்ளை நூலைக் கையில வச்சுக்கிட்டு, "இது யாரு மீசை?"ம்பா. ஒரு கேள்வியா ரெண்டு கேள்வியா. பனியனுக்கு ஏன் கண்ணு இல்ல, ஆட்டுக்கு ஏன் ஜட்டி இல்ல. அத்தை, "இது வாயா ரேடியோவா? உன்ற வயித்துலயா பொறந்துச்சு இது?"ன்னு என்னையக் கேப்பாங்க. நானும் அவகூட பேசுவேனுங்க. ஆமா. அவகிட்ட மட்டும் எனக்கு நல்லாப் பேச வரும். கூச்சமே இருக்காது.

சரி, அது சின்னப் புள்ளையில. எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான்.

இப்ப நல்லா அடங்கிட்டா. மம்மின்னுதான் கூப்பிடறா. நான் தட்டைக் காட்டினா அவளும் தட்டைக் காட்டறா. தண்ணி வேணும்னா சொம்புகிட்ட போய் நிக்கறா. மொதல்ல எங்களுக்கு ரொம்பப் பெருமைங்க. இஸ்கூல்ல ஒழுக்கம் சொல்லித் தர்றாங்கன்னு அவரு பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு. அவருக்கென்ன தெரியும், ரெண்டு ஷிப்டு பாக்கறாரு இந்த பீஸுக்காக. அவரு வர்றப்ப அவ தூங்கியிருப்பா, அவ எந்திரிக்கறப்ப அவரு தூங்குவாரு. ஞாயித்துக்கெழமை ஒரு நாள் மடியில உக்கார வச்சு, "வாட் ஈஸ் யுவர் நேம்?"ம்பாரு. அவ பேரைச் சொல்லுவா. அவருக்கு அது போதும்.

காது சமாச்சாரம் நடந்தது பொங்கல் கழிஞ்சு.

நான் இப்படித்தான் உக்காந்து வெட்டிட்டிருக்கேன். அவ வந்து முன்னால நின்னா. காதைத் தொட்டுக்கிட்டு, "மம்மி, இயர்"னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. தானா வந்து இங்கிலீஷ் சொல்றா! இஸ்கூல்ல ஒடம்பு பாட்டு ஒண்ணு சொல்லித் தர்றாங்கல்ல, காதைத் தொடு, மூக்கைத் தொடுன்னு, அதுல வர்றதுன்னு எனக்குத் தெரியும். நங்கை மகனும் சொல்லுவான். நான், "குட்! குட்!"னேன். மறுபடியும், "இயர்"னா. நான் கத்திரியைப் போட்டுட்டு ஓடிப்போய் எல்லாரையும் கூப்பிட்டேன். என்னோட குரலு அன்னிக்குத்தான் இந்த வீதிக்கே கேட்டிருக்கும். அத்தை வந்தாங்க, ரத்தினக்கா வந்தாங்க, நங்கை செல்போனோட வந்தாங்க.

"எங்க, மறுபடி சொல்லு கண்ணு"ன்னாங்க நங்கை.

"இயர்."

"மூக்குக்கு என்ன? நோஸு எங்க? நோஸு?"

மூக்கைத் தொட்டுட்டு, மறுபடி காதுக்கே போயிட்டா. "இயர். இயர்."

"நோஸுக்குப் பொறவு என்ன? ஐஸு எங்க கண்ணு?"

கண்ணைத் தொட்டா. கண்ணுல தண்ணி நின்னுச்சு. "பாரு, உன்னையாட்டமே வெக்கம்"னு ரத்தினக்கா சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினோம். நான்தான் ரொம்பத் தட்டினேன். நங்கை அதை வீடியோ எடுத்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிச்சாங்க. அவரு கம்பெனியில மெஷினை நிறுத்திட்டு டேபிள் டேபிளா கொண்டு போய்க் காட்டினாராம். அன்னிக்குப் பொழுதோட மைசூர்பாகு வாங்கிட்டு வந்தாரு. அவ திங்கல. வாயைத் தொறக்க மாட்டேன்னுட்டா.

அடுத்த நாளும் காதைத் தொட்டுட்டு நின்னா. நான் கை தட்டினேன். அப்புறம் வரல.

ஒரு நாள் காலையில தலையாணியில பாத்தா சீழு. ரத்தமும் சீழுமா. தூக்கிட்டு ஓடினோம். காது டாக்டரு லைட்டு போட்டுப் பாத்துட்டு, எங்களைத் திட்டறாரு, "இவ்வளவு ஆகற வரைக்கும் குழந்தை வலின்னு சொல்லவே இல்லியா? எப்படி அழாம இருக்கும்?"னு. "சொல்லலீங்க சார்"னேன். அது சத்தியங்க டீச்சர். ஒரு வார்த்தை சொல்லல அவ. எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா?

ஏன் டீச்சர் அப்படிப் பாக்கறீங்க? மோரு புளிச்சிருக்குதா? வேற கொண்டு வரட்டுங்களா?

காது ஆறிருச்சு. அந்தப் பக்கம் கொஞ்சம் மந்தம்தான், பெருசானா சரியாகலாம், பாப்போம்னாரு டாக்டரு. ஆனா அதுக்கப்புறம் இஸ்கூல்ல அவ வாயே தொறக்கறதில்லியாம். பரீட்சையில கேள்வி கேட்டா மிஸ் வாயையே பாத்துட்டு நிக்கறாளாம். பெரிய மேடம் எங்களை வரச் சொல்லிட்டாங்க. "வீட்டுல தமிழ் பேசறீங்களா?"ன்னாங்க. அவரு நெஞ்சை நிமித்திட்டு, "இல்லீங்க மேடம், எங்க வீட்டுல புள்ளைகிட்ட ஒரு வார்த்தை தமிழ் பேசறதில்ல"ன்னாரு. "வெரி குட்"னாங்க. என்னையப் பாத்தும் தலையை ஆட்டினாங்க. அந்த இஸ்கூல்ல என்னைய ஒருத்தரு நல்லதாச் சொன்னது அது ஒண்ணுதான்.

அப்புறம் சொன்னாங்க, குழந்தை மெதுவா இருக்குது, ஒண்ணாங் கிளாஸுக்கு ஏத்தணும்னா சாயந்தரம் தனி வகுப்பு வைக்கணும், அதுக்கு பீஸு தனி, இஷ்டம் இல்லைன்னா டிசி வாங்கிக்கலாம்னு.

அதுல ஆரம்பிச்சதுதான் இந்த வீட்டுல சண்டை. அத்தை புடிச்சுக்கிட்டாங்க. "பேசற புள்ளையை அனுப்பி ஊமையாக்கிட்டு வந்திருக்கறீங்க. இதுக்கு ஆட்டை வேற விக்கோணுமா? உன்ற அப்பன் போனப்பறம் அந்த ஆட்டை வச்சுத்தான்டா உங்களை வளத்துனேன். ஆட்டுக்குத் தழை போட்டா பாலாவது தருது, இந்த இஸ்கூலுக்குப் போட்டா என்னடா தருது?"ன்னாங்க. அவருக்கும் மனசு கொஞ்சம் தளந்துச்சுங்க. கவர்மெண்டு இஸ்கூல்லயே விட்டுருவமான்னு ஒரு நாள் சுவத்தைப் பாத்துக் கேட்டாரு. என்னையத்தான் கேக்கறாரோன்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள நங்கை வந்துட்டாங்க.

"என்ற மவன் படிக்கற இஸ்கூல்ல இருந்து உன்ற மவளை எடுத்தீன்னா, நாளைக்கு மாமியா வூட்டுல என்னையத்தான்டா கேப்பாங்க, உன்ற தம்பிக்கு வக்கில்லியான்னு. அந்த வீடியோவை எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கறேன்! இப்ப போய் சத்துணவுக்குத் தட்டு தூக்கிட்டு நிப்பாளா?"ன்னு அழுதாங்க.

தப்பா நினைச்சுக்காதீங்க, அவங்க சொன்னதைச் சொல்றேன். உங்களைச் சொல்லல.

மகள் அழுதா அத்தைக்குத் தாங்காது. மூக்கைச் சிந்திட்டு, "வித்துத் தொலைங்க"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அவரு என்னையப் பாத்து, "நீ என்ன, பொம்மையாட்டம் நிக்கறே"ன்னாரு. கேட்டாருன்னு வச்சுக்கலாமா டீச்சர் அதை? கேக்கற மாதிரி இல்லீங்க.

எந்தச் சத்தம்? பின்னாலயா? அது பாப்பாதானுங்க. ஆமா, எங்க வர்ஷிகாதான் பேசறா. கருப்பட்டிகிட்ட. ஆட்டுக்குட்டி பேரு அது, செவலைக்குட்டி, அவ வச்ச பேரு. அதுகிட்ட மட்டும் பேசுவா. இந்த லீவு முழுக்க இதுதான். தமிழ்லயே பேசறா டீச்சர், அதுதான் எனக்கு பயம். நான் போய் ஷ்ஷ்னு வாயில வெரலை வச்சுக் காட்டுவேன். உடனே நிறுத்திருவா, சொன்னாக் கேக்கற புள்ளைதான். நான் இந்தப் பக்கம் வந்ததும் மறுபடி மெதுவா ஆரம்பிப்பா. இஸ்கூல் தொறக்கறதுக்குள்ள அந்தப் பழக்கம் போகணும். குட்டி போயிட்டா அதுவும் போயிரும்னு நங்கை சொல்றாங்க.

ஒரு நாள் ஷ்ஷ் சொல்லாம சுவத்துக்கு இந்தப் பக்கமா நின்னு கேட்டேன். கேக்கலாம்ல, நான் பேசலையே, கேக்கத்தான் செய்யறேன். குட்டி தலையை உதறிட்டிருந்துச்சு. உண்ணி கடிச்சிருக்கும். அவ அதோட ரெண்டு காதையும் தூக்கித் தூக்கிப் பாத்துட்டுச் சொல்றா, "காது வலிக்குதா கருப்பட்டி? எந்தக் காது? எங்கிட்டச் சொல்லு. நான் கை தட்ட மாட்டேன். சத்தியமாத் தட்ட மாட்டேன், சொல்லு"ங்கறா.

ஏன் டீச்சர் அப்படிச் சொன்னா? நானும் எத்தனையோ நாளா யோசிக்கறேன். படுத்தா அதுதான் வருது. புள்ளைங்க ஏதோ சொல்லும், அதைப் போய் யோசிச்சுட்டிருக்கறியேன்னு சொல்லுவாங்கன்னு யாருகிட்டயும் கேக்கல. கை தட்டறதுன்னா நல்லதுதானங்க? நாங்க சந்தோசப்பட்டுத்தானங்க தட்டினோம்?

நீங்க அழறீங்களா என்ன? வெயில்ல நடந்து கண்ணு எரியுதுங்களா. அந்தத் துண்டு சுத்தமானதுதான், எடுத்துக்கோங்க.

டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா? சிரிக்கக் கூடாது. உங்க இஸ்கூல்ல சேத்தினா, வீட்டுல இன்ன பேச்சுதான் பேசணும்னு எதாச்சும் இருக்குதுங்களா?

இல்லீங்களா? எதுவும் இல்லியா?

பேசலாமா? நானும்? என்ன வேணா?

ஐயோ. பாருங்க, வெட்டிட்டேன். துணியிலயே வெட்டிட்டேன். இவ்வளவு பெரிய ஓட்டை. என் கையில இப்படி ஆனதே இல்லீங்க. டேமேஜு போடுவான். போடட்டும். இருங்க, நீங்க கேட்டதுக்கு நான் இன்னும் பதிலே சொல்லல. என்ன நினைக்கிறேன்னு கேட்டீங்க. சொல்றேன். பழக்கமில்ல, அதான் வார்த்தை வர மாட்டேங்குது. எனக்கு என்னன்னா டீச்சர், பாப்பாவை நான்...

"சுகந்தீ! ஏ புள்ள, சுகந்தி! யாவாரி வந்துட்டாரு. இவ குட்டியைக் கட்டிப் புடிச்சுட்டு விட மாட்டேங்கறா. வந்து புள்ளையைப் பிரிச்சு எடு!"

அத்தைங்க. வர்றேன் அத்தை! டீச்சர், போயிராதீங்க, ஒரு நிமிஷம், இந்தக் கத்திரியை மட்டும் புடிங்க. கேக்குதுங்களா? அம்மான்னு கத்தறா. மம்மி இல்லீங்க, அம்மான்னு. என்னையத்தான் கூப்பிடறா டீச்சர், நான் இப்பப் போயி அவகிட்ட என்னன்னு பேச...